சாவியை எடுத்த பிறகும்

நிதானம் என்ற பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று தெரியாது. காத்திருந்து காத்திருந்து கடுப்பாகிப் போன ஏதோ ஒரு டிரைவராகத்தான் இருக்க வேண்டும். ஹாரன் ஊமையான வண்டியோ முகப்பு விளக்கில் ஒன்று அணைந்துபோன வண்டியோ, எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவர் முதலில் துணியை எடுத்துக் கையைத் துடைப்பார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகுதான், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று வைத்தியர் மாதிரி ஆரம்பிப்பார். அந்தத் தெருவில் நான்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள். மற்ற மூவரையும் கெட்டிக்காரர்கள் என்று சொல்வார்கள். இவரைப் பற்றி, "அவர் கை வச்சா மறுபடி அதே கோளாறுக்கு வரமாட்டீங்க, ஆனா இன்னைக்கு வீட்டுக்கும் போகமாட்டீங்க" என்பார்கள்.

அந்த நிதானத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தாறு வயதில் அவர் பஸ் டெப்போ ஒன்றில் வேலை செய்தார். ஒரு பஸ்ஸில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. வயர் எங்கே உரசுகிறது என்று தேட அவருக்குப் பொறுமை இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் செருகி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் டேஷ்போர்டு பற்றிக்கொண்டது. பயணிகள் இறங்கிவிட்டார்கள். அணைக்கப் போன கண்டக்டரின் இடது உள்ளங்கை வெந்துபோனது. எரிந்த இடத்தில் வெள்ளித்தாள் மிஞ்சவில்லை. யாரும் இவரைக் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தக் கண்டக்டருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தனிக்கடை போட்ட பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புது வயர் இழுத்தால் உடனே ஃபியூஸ் போட மாட்டார். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு தகரக் கால்களை ஈயத்தால் பற்றவைத்திருந்தார். ஃபியூஸ் உட்காரும் இடத்தில் முதலில் அந்தப் பல்பு உட்காரும். வயர் எங்காவது வண்டியின் இரும்பு உடம்பில் உரசினால் பல்பு பளீரென்று எரியும், வயர் பிழைத்துக்கொள்ளும். பல்பு இருட்டாக இருந்தால் வேலை சுத்தம். அப்புறம் பல்பைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸை அழுத்துவார். வேலையில்லாத நேரத்தில் அந்தப் பல்பு சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். இருபது வருடமாக ஒரு வண்டிகூட அவர் கையால் எரிந்ததில்லை.

அன்று காலை எட்டே முக்காலுக்கு ரொட்டி வேன்காரர் வந்தார். பேக்கரிகளுக்கு ரொட்டி ஏற்றிப் போகிறவர். கதவைத் திறந்தாலே ஈஸ்ட் வாசனை அடிக்கும் வேன்.

"அண்ணே, டேஷ்போர்டுல இந்த ரெண்டு சாக்கெட்டு இருக்குல்ல, சாவிய எடுத்தாலும் இதுல கரண்ட் வரணும். அவ்ளோதான். அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷ வேலைன்னா நீங்களே செஞ்சிருக்கலாமே?"

"சரி, உங்க கணக்குக்கு அம்பது நிமிஷம்னு வச்சுக்குங்க. ஒன்பதரைக்கு நான் வீட்டு வாசல்ல நிக்கணும். அக்கா கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு நிமிஷம் பிந்தினாலும் முட்டி போட வச்சுடுவாங்க."

விஷயம் அக்காவைப் பற்றியதுதான். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். மூக்கில் குழாய் மாட்டி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் சின்ன மெஷினோடுதான் இருபத்துநான்கு மணி நேரமும். பெரிய ஆஸ்பத்திரி நீருக்கு அக்கரையில் இருந்தது. வண்டிகளை ஏற்றிப் போகும் படகில்தான் கடக்க வேண்டும். படகில் ஏறியதும் இஞ்சினை அணைத்துச் சாவியை, வண்டிகளை வரிசையில் நிறுத்தும் தளத்துக்காரனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். நடுவில் எவனாவது வண்டியைக் கிளப்பி, முன்னால் நிற்பவன்மேல் ஏற்றிவிட்டால்? சாவி போனால் சாக்கெட்டும் செத்துவிடும். மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். வீட்டிலிருந்து டாக்டர் அறைவரை இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது.

"மெஷினைக் கொண்டுவந்தீங்களா? அதையே சொருகிப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"அது அக்கா மூக்குல இருக்குண்ணே. கழட்டிட்டு வரச் சொல்றீங்களா?"

நிதானம் முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் சாமான் வைக்கும் சின்ன அறையைக் கழற்றினார். அதன் பின்னால்தான் ஃபியூஸ் பெட்டி. சாவியைச் சாராமல் எப்போதும் உயிரோடு இருக்கும் வரிசையிலிருந்து தடிமனான சிவப்பு வயர் ஒன்றை எடுத்து, நடுவில் ஃபியூஸ் கூடு ஒன்றைக் கோர்த்து, சாக்கெட்டுகளின் பின்புறம் சேர்த்தார். பழைய இணைப்பின் முனையை இரண்டு சுற்று டேப் போட்டு மூடினார். கூட்டில் பல்பைச் செருகினார். இருட்டு. நல்லது. வேன்காரர் தன் போனை ஒரு சாக்கெட்டில் மாட்டினார். சாவி அவர் விரலில் தொங்க, போன் சார்ஜ் ஏறியது.

"ஏறுதுண்ணே! சாவி என் கைல, கரண்ட் அங்க!"

நிதானம் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸை, அந்த நீல நிறத் துண்டை, டப்பாவிலிருந்து எடுத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்தி, ஆனால் சாக்பீஸ் உடைகிற கண்டிப்போடு கேட்டது: "மணி ஒன்பது முப்பத்தாறு. நீ எங்க இருக்கே?"

"வந்துட்டேன்கா, தெருமுனைல இருக்கேன்," என்று பொய் சொல்லியபடி வேன்காரர் ஏறி இஞ்சினைக் கிளப்பினார். நிதானம் சின்ன அறையை அதன் இடத்தில் அழுத்தி மாட்டிவிட்டு இறங்கினார். வேன் போய்விட்டது. அந்த ஐந்து விநாடியில் தன் கை என்ன செய்தது என்று அவர் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தார். யோசித்துச் செய்த வேலை என்றால் நினைவில் இருந்திருக்கும்.

பத்தே முக்காலுக்கு ஒரு மினி லாரி வந்தது. பின்விளக்குக்குப் புது வயர் இழுக்க வேண்டும். இழுத்து முடித்துச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினார். ஆணி வெறுமையாக இருந்தது.

மேஜைமேல் தேடினார். மேஜைக்கு அடியில் தேடினார். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது. நீல நிறம். அதன் தலையில் பதினைந்து என்று எழுதியிருந்தது.

எல்லாம் தெளிவாகப் புரிந்தது, தேவைக்கு மேலேயே புரிந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய கூட்டில் இன்னும் அந்தப் பல்புதான் இருக்கிறது. அதன் வழியாக ஒரு போனுக்கு வேண்டிய சின்ன மின்சாரம் போகும். மெஷின் கேட்பது அதைப்போலப் பத்து மடங்கு. அவ்வளவு கேட்டால் பல்பு எரியும், மெஷினுக்கு ஒன்றும் மிஞ்சாது. அது சத்தமில்லாமல் தன் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். சொருகித்தான் இருக்கிறது என்று அவர்கள் நிம்மதியாகப் போவார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியது ஒன்பது ஐம்பது என்று வைத்தால், பதினொன்று ஐம்பதுக்கு மெஷின் நின்றுவிடும். அப்போது படகு நடு நீரில் இருக்கும்.

பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் தன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"போன் பண்ணுங்க!"

"பண்ணிட்டேன். வண்டி ஓட்டுறப்ப எடுக்கமாட்டார். அதைப் பெருமையா வேற சொல்லுவார்."

"நான் விடாம அடிக்கிறேன். நீங்க பைக்க எடுங்க." அவர் வழக்கம்போலத் துணியைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "ஏங்க! கையெல்லாம் அப்புறம் துடைச்சுக்கலாம். உங்க நிதானத்த இன்னைக்கு ஒரு நாள் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க," என்று கத்தினாள்.

மினி லாரிக்காரர், "அப்ப என் வண்டி?" என்றார். "அது மூச்சு விடாதுல்ல, நிக்கட்டும்," என்றாள் அவள்.

படகுத்துறை இருபத்திரண்டு கிலோமீட்டர். இருபது வருடத்தில் அந்தப் பைக் நாற்பதைத் தாண்டியதில்லை. அன்று எண்பதில் போனது. ஒரு லாரியை முந்தும்போது எதிரே வந்த பஸ்ஸின் காற்று தோளை உரசியது. படகு தாமதமாகக் கிளம்பட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவர் செய்த பிழைக்கு அந்தப் படகு ஏன் காத்திருக்க வேண்டும்?

பதினொன்று இருபத்தைந்துக்குத் துறைக்குள் நுழைந்தார். சரிவுப் பாதையின் முனையில் சங்கிலி போட்டிருந்தது. அதற்கு அப்பால் சேற்று நிற நீர் ஐம்பது அடி, அதற்கு அப்பால் படகின் பின்பக்கம். வரிசையின் கடைசி வண்டி அந்த வெள்ளை வேன்தான். பின்கதவில் எழுதியிருந்த பேக்கரி பெயரைக்கூடப் படிக்க முடிந்தது.

அவர் போனை எடுத்து அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. நிற்கப் போகிற கடைசி மணியில் யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" பெண்குரல். பின்னால் ஏதோ கீச் கீச் என்று விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் எலக்ட்ரீஷியன். காலைல வண்டில வேலை செஞ்சவன். தம்பி பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. மெஷின் கத்துது. சாவிய... திருப்பி வாங்கப் போயிருக்கான். அடுத்தவங்க போன எடுக்கிற... பழக்கம் எனக்கில்ல. பன்னெண்டு தடவை அடிச்சதால... எடுத்தேன்."

சாவி கிடைத்தாலும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். பல்பு குறுக்கே இருக்கும்வரை இஞ்சின் ஓடினாலும் அதே கதைதான்.

"டீச்சர், மெஷின்ல பேட்டரி எத்தன சதவீதம்னு காட்டுது?"

"ஒன்பது."

மணியைப் பார்த்தார். அவர் போட்ட கணக்கைவிட வேகமாகக் கரைந்திருக்கிறது. பயத்தில் டீச்சர் வேகமாக மூச்சு வாங்கியிருப்பார். மெஷினும் வேகமாக ஓடியிருக்கும். பத்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை.

"நீங்க செஞ்சா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். நான் சொல்றத மட்டும் செய்யுங்க. முன்சீட்ல தானே இருக்கீங்க? உங்க முழங்காலுக்கு மேல ஒரு சின்ன அறை. ரெண்டு பக்கமும் அமுக்கி உங்க பக்கம் இழுங்க. கழண்டு வரும்."

பிளாஸ்டிக் கழலும் சத்தம். "வந்துடுச்சு. உள்ள ஒரு பல்பு... எரியுது. வழியெல்லாம் காலடியில... வெளிச்சம் தெரிஞ்சுது. அலங்காரத்துக்கு... வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"என் தப்பு டீச்சர். எடுக்க வேண்டியத எடுக்காம விட்டுட்டேன். அது கொதிக்கும், கைய வச்சிடாதீங்க. மொதல்ல மெஷின் வயர சாக்கெட்லேர்ந்து உருவுங்க. பல்பு அணையும்."

"அணைஞ்சுது. எட்டு."

"கைக்குட்டையோ எதையோ சுத்திப் பிடிச்சு, பல்ப நேரா வெளிய இழுங்க."

கீச் சத்தம் மட்டும். படகு இப்போது இருநூறு அடி தள்ளிப் போயிருந்தது. அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. குரலை மட்டும் அவர் ஓட விடவில்லை. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் எரிச்சல்படுத்திய அந்த இழுவைக் குரலில், "அவசரமில்ல டீச்சர்," என்றார். அதைவிடப் பெரிய பொய் அவர் சொன்னதில்லை.

"வந்துடுச்சு."

"நல்லது. அந்த ஓட்டைல நீல நிறத்துல ஒண்ணு சொருகணும். அது என்கிட்ட இருக்கு, நான் கரையில நிக்கிறேன். அதனால வேற இடத்துலேர்ந்து ஒண்ணு கடன் வாங்குவோம். உள்ள பெட்டி மூடியத் திறங்க. மூடிக்கு உள்பக்கம் வெள்ளை இடுக்கி ஒண்ணு ஒட்டியிருக்கும்."

"இருக்கு. ஏழு."

"பெட்டில நம்பர் போட்டிருக்கும். பதினெட்டாம் நம்பரப் பாருங்க. நீலமா இருக்கா? மேல பதினஞ்சுன்னு எழுதியிருக்கா?"

"பதினாறு... பதினேழு... இருக்கு. பதினஞ்சு."

"அது ஹாரனோடது. ஹாரன் இல்லாட்டி படகுல ஒண்ணும் குறையாது. இடுக்கியால கவ்வி இழுங்க. வராத மாதிரி இருக்கும். கொஞ்சம் இப்படி அப்படி ஆட்டுங்க."

"வரல." மூச்சு இப்போது விசில் மாதிரி கேட்டது. "வரல. ஆறு."

"இடுக்கிய ஒரு கையால பிடிங்க. இன்னொரு கையால மணிக்கட்டப் பிடிச்சு சேத்து இழுங்க. போன ஸ்பீக்கர்ல வச்சு சீட்ல போட்டுடுங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல."

போன் எதன்மேலோ விழும் சத்தம். அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கீச், கீச். தண்ணீர் அடிக்கும் சத்தம். ஒரு முனகல். அவர் பக்கத்தில் டிக்கெட் கிழிப்பவர் வந்து, "சங்கிலிய விடுங்க, சாயாதீங்க," என்றார். அவர் விடவில்லை. மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, இருபதில் நிறுத்திவிட்டார்.

"சொருகிட்டேன்," என்று எங்கோ தொலைவிலிருந்து குரல் வந்தது. "இப்ப?"

"கூட்டுல முழுசா இறங்கணும். கட்டை விரலால அழுத்துங்க. அழுத்தியாச்சா? இப்ப மெஷின் வயர சாக்கெட்ல குடுங்க."

கீச் சத்தம் நின்றது.

அது எதனால் நின்றது என்று தெரியாத அந்த இரண்டு விநாடியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

"பச்சை லைட்டு," என்றார் டீச்சர். "ஆறு. ஆறு. ஆறு. ஏழு."

பின்னால் ஓடி வரும் காலடிகள். வேன்காரரின் குரல்: "அக்கா! அந்த ஆளு சாவிய தரமாட்டேன்னு... என்னக்கா இது, எல்லாத்தையும் பிச்சுப் போட்டு..." டீச்சர் ஏதோ சொன்னார். பிறகு போன் கைமாறியது.

"யோவ்! என்னய்யா பண்ணி வச்சிருக்கே? எங்க அக்கா உசுரு உனக்கு வெளாட்டா?"

"தப்பு என்னோடதுதான். அடுத்த படகுல வரேன். ஹாரன் வேலை செய்யாது, பாத்து ஓட்டுங்க," என்றார். அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது.

மனைவிக்குப் போனில் நடந்ததையும், தான் அக்கரைக்குப் போவதையும் சொன்னார். "நீங்க எதுக்கு அங்க போகணும்? அதான் ஓடுதே?" என்றாள்.

"மெஷின் மாட்டி நான் வயரத் தொட்டுப் பாக்கல. சூடு ஏறுதான்னு தெரியாது. திரும்ப அதே வண்டிலதான் வரப்போறாங்க."

"அவர் உங்கள அடிச்சா?"

"அடிக்கட்டும்."

பைக்கைத் துறையிலேயே விட்டுவிட்டு அடுத்த படகில் போனார். ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் வேனைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வேன்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"நிதானம், நிதானம்னு ஊரே சொல்லுது. அதை நம்பித்தான் உன்கிட்ட வந்தேன். அவசரக் குடுக்கைகிட்ட விட்டிருந்தா அவன் நேரா ஃபியூஸப் போட்டு அனுப்பியிருப்பான். எங்க அக்கா நிம்மதியா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும்."

அது உண்மை. அதற்குப் பதிலாக நிதானத்திடம் பஸ் எரிந்த கதை இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. பையிலிருந்த ஃபியூஸை எடுத்தார். ஹாரனுக்கு அதன் துண்டைத் திருப்பிக் கொடுத்து, புதியதைக் கூட்டில் அழுத்தினார். ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார். நிறுத்தத்தில் இருந்த காவல்காரர் திட்டினார்.

மூன்று மணிக்கு டீச்சரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நிதானம் எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். கட்டை விரலில் ஒரு கொப்புளம். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா? குரலைக் கேட்டு... ரொம்பப் பெரிய ஆளுன்னு நெனச்சேன்."

மெஷினை மாட்டி, சிவப்பு வயரின்மேல் புறங்கையை வைத்து, அவர் பத்து நிமிஷம் குந்தியிருந்தார். "சரியா இருக்கு," என்றார் கடைசியில்.

"காலைலயும் சரியாத்தான் இருந்துச்சு," என்றார் வேன்காரர்.

"அவரும் நம்மகூட வண்டியில வரட்டும்," என்றார் டீச்சர்.

"அக்கா, இவர எதுக்கு?"

"தப்பு போட்டவர பக்கத்துல... உக்கார வச்சுக்கிட்டா... அடுத்த தப்பு சீக்கிரம் தெரியும். நான் கிளாஸ்ல அப்படித்தான் செய்வேன். ஏறுங்க. ஜன்னல் ஓரம்."

மூவர் உட்காரும் முன்சீட்டில் டீச்சர் நடுவில் உட்கார்ந்தார். மெஷின் அவருக்கும் நிதானத்துக்கும் இடையில் இருந்தது. ஐந்து மணிப் படகில் வேன் ஏறி நின்றது. தளத்துக்காரன் ஜன்னலில் கையை நீட்டினான். "சாவி."

வேன்காரர் இஞ்சினை அணைத்தார். சாவி துவாரத்திலேயே இருந்தது. விரல்கள் அதன்மேல் இருந்தன. அவர் அக்காவைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்க்கவில்லை. நிதானத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எடுங்க," என்றார் நிதானம்.

சாவி வெளியே வந்தது. ரேடியோ விளக்கு அணைந்தது. மெஷின் தன் பாட்டுக்கு ஒரு மூச்சு, ஒரு இடைவெளி, ஒரு மூச்சு என்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு அசையவில்லை. தளத்துக்காரன் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

நிதானம் குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே கையை நுழைத்து, வயரின்மேல் வைத்துக்கொண்டார். இளஞ்சூடு. இருக்க வேண்டிய அளவுதான். கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம்... இப்படியே குனிஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"கரை வர்ற வரைக்கும் டீச்சர்."

நிதானத்தின் காலடியில் ஆஸ்பத்திரிப் பை ஒன்று இடைஞ்சலாக இருந்தது. வேன்காரர் எட்டி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே விரிந்த நீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.